நான்காவது கானாங்கெளுத்தி

அந்த ஆய்வகத்தில் அவளுக்கு மிளகாய் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் பணியாளர் பட்டியலில் பத்தொன்பது வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் ஒன்றும் எப்போதும் சிடுசிடுப்பவள் இல்லை; சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள். ஆனால் அவள் தட்டில் கிடக்கும் மீனைக் கேட்காமல் யாராவது தொட்டால் போதும், கோபம் மூக்குக்கு மேல் ஏறிவிடும். மேலிடத்திலிருந்து பார்வையிட வந்த ஒரு பெரிய மனிதர் மீன் ஜாடியைத் திறந்து விரலை விட்டபோது, உங்கள் வீட்டு ஜாம் பாட்டில் என்று நினைத்தீர்களா சார் என்று கேட்டுவிட்டாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்டது அந்தப் பெயர்.

பதவி, உதவியாளர். வேலை, மீன். மீன் அறுக்கிறவள் என்று சொன்னால் சண்டைக்கு வருவாள். அறுக்கிறவர்கள் சந்தையில் இருக்கிறார்கள். அவள் மீனைப் பிரித்து, பார்த்து, அளந்து, எழுதுகிறவள். அதிலும் கானாங்கெளுத்தி அவளுடைய மீன்.

நாமெல்லாம் கானாங்கெளுத்தி என்று ஒரே பையில் வாங்கிப் போட்டுக்கொண்டு போகிறோமே, அந்த ஊர்க் கடலில் அது ஒன்றல்ல, மூன்று இனம். மூன்றுக்கும் முதுகு நீலப் பச்சை, வயிறு வெள்ளி. மூன்றுக்கும் இரண்டாம் முதுகுத் துடுப்புக்குப் பின்னால் வரிசையாக ஐந்து குட்டித் துடுப்பு, அடியில் ஐந்து. முதுகெலும்புக் கண்ணிகளை எண்ணிப் பாருங்கள், மூன்றிலும் முப்பத்தொன்று. எது ஒடிசல், எது அகலம், வாய்க்குள் செவுள் முட்கள் எவ்வளவு நீளம் என்று பார்த்து ஓரளவு சொல்லிவிடலாம். ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் வயிற்றைத் திறந்துதான் ஆகவேண்டும். முதல் இனத்துக்குக் குடல் ஏறக்குறைய அதன் உடம்பு நீளமே. இரண்டாவதற்கு ஒன்றரை மடங்கு. மூன்றாவது இனம் கண்ணுக்குத் தெரியாத பாசியைத் தின்று வாழ்கிறது. பாசி லேசில் செரிக்காது, அதனால் அதன் குடல் மூன்று மடங்குக்கு மேலே சுருண்டு சுருண்டு கிடக்கும்.

இந்தக் குடலை அளப்பது இருக்கிறதே, அதுதான் வித்தை. ஈரக் குடல் சொன்ன பேச்சு கேட்காது. இழுத்தால் இழுத்த பக்கம் நீளும். மிளகாய் இடுக்கியால் தொடவே மாட்டாள். வெள்ளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் குடலை மிதக்கவிட்டு, ஓவியத் தூரிகையால் மடிப்பு மடிப்பாகப் பிரித்து, அது தன்னிஷ்டத்துக்குப் படுத்த பிறகு பக்கத்திலேயே ஈரநூலை ஓடவிட்டு, அந்த நூலைத்தான் அளப்பாள். ஒரு மீனுக்கு முக்கால் மணி நேரம். நம்மால் ஆகாது சாமி.

அப்படி அவள் பத்தொன்பது வருஷத்தில் அளந்தது இரண்டாயிரத்து நூற்று நாற்பது மீன். ஒவ்வொன்றும் எண் போட்ட ஜாடியில் கீழ்த்தளத்தில் இருக்கிறது. ஒவ்வொரு அளவும் அவளுடைய குண்டு குண்டுக் கையெழுத்தில் இருக்கிறது.

இந்த அளவுகளை எல்லாம் எடுத்துவைத்து இயக்குநர் ஒரு புத்தகம் எழுதினார். கானாங்கெளுத்திகளின் வகைப்பாடும் உடற்கூறும் பற்றிய கெட்டி அட்டைப் புத்தகம், உள்ளே அத்தனை அட்டவணை. அச்சாகி வந்த அன்று ஆய்வகத்தில் கேக் வெட்டினார்கள். இயக்குநரே ஒரு துண்டை எடுத்துவந்து அவள் மேசையில், தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, நம்ம புத்தகம் வந்துடுச்சும்மா என்றார். மிளகாய் கையைத் துடைத்துக்கொண்டு நன்றிப் பக்கத்தைப் புரட்டினாள். அவருடைய ஆசிரியருக்கு நன்றி. மனைவியின் பொறுமைக்கு நன்றி. கப்பல் கேப்டனுக்கு நன்றி. படம் அச்சடித்தவருக்கு, தட்டச்சு செய்தவருக்கு, அவரைப் புத்தகம் எழுதச் சொல்லித் தூண்டிய நண்பர்கள் ஏழு பேருக்குப் பெயர் பெயராக நன்றி. கடைசியில், மற்றும் ஆய்வக ஊழியர்களுக்கு.

மற்றும். சொல்லுங்கள், வயிறு எரியுமா எரியாதா? ஆய்வக ஊழியர்கள் என்றால் யார்? தரை துடைப்பவர், வாசல் காவலர், பிறகு இவள். அந்த இருவரில் யார் கானாங்கெளுத்தியின் குடலைப் பார்த்திருக்கிறார்கள்?

வேறு நாளாக இருந்தால் மிளகாய் கேட்டிருப்பாள். அன்று சுற்றிலும் எல்லோரும் வாயில் கேக்கோடு நின்றார்கள். கேட்டால் அழுகை வந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த மனிதருக்கு முன்னால் அழுவதைவிட நாக்கைக் கடித்துக்கொள்வது மேல் என்று இருந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து ஒரே வலையில் பிடித்த பதினாறு கானாங்கெளுத்தி பனிக்கட்டிப் பெட்டியில் வந்து இறங்கியது. எல்லாம் சினை நிறைந்த மீன். சாயங்காலத்துக்குள் பன்னிரண்டை முடித்துவிட்டாள். மீதி நான்கை முழுசாக ஜாடியில் போட்டு மூடிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கேக் அங்கேயே கிடந்தது.

இரண்டு மாதம் கழித்து இயக்குநர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் மேசையில் அந்தப் பன்னிரண்டு மீனின் தாள்கள், பக்கத்தில் மெழுகுப் பலகையில் ஊசி குத்திப் பதப்படுத்திய குடல்கள். இருபத்திரண்டு சென்டிமீட்டர் மீனுக்கு ஐம்பத்துநான்கு சென்டிமீட்டர் குடல். இரண்டரை மடங்குக்குச் சற்றே குறைவு. பன்னிரண்டும் கிட்டத்தட்ட அதே கணக்கு. அவரே ஒவ்வொன்றாக அளந்து பார்த்துவிட்டார், சரியாக இருந்தது. உடம்பின் அகலமும் இரண்டாவது இனத்தைவிடக் கூடுதல், மூன்றாவதைவிடக் குறைவு. அவருக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. இது நாலாவது இனம்மா, இதுவரைக்கும் யாரும் பார்க்காதது என்றார். பிறகு, முதலில் அதைத் திறந்தது உன் கை, அதனால் மீனுக்கு உன் பெயரையே வைக்கப்போகிறேன் என்றார். முழுப் பெயர் என்ன என்று அவளிடமே கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு அலுவலகத்தில் கேட்டு வாங்கியிருந்தார்.

உலகம் இருக்கும்வரை, எந்த நாட்டில் எவன் அந்த மீனை எடுத்தாலும் அவள் பெயரைச் சொல்லித்தான் எடுக்கவேண்டும். மற்றும் என்று எழுதிய அதே கை அந்தப் பெயரை எழுதப்போகிறது. மூன்று நாள் அவள் யாரையும் திட்டவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். டிக்கெட்டோடு சேர்த்து மீன் கதையையும் கிழித்துக் கொடுத்தார். அக்காவிடமிருந்து போன் வந்தது. இந்த அக்கா யார் என்று சொல்லவேண்டும். கல்யாண வீடுகளில் தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் மூக்கைச் சுளித்துவிட்டு நாற்காலியை ஒரு சாண் நகர்த்திப் போட்டுக்கொள்கிறவள். குடும்பத்தில் யாராவது, தங்கச்சி என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டால், ஏதோ ஆபீஸ் என்பாள். அந்த அக்கா இப்போது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டில் விருந்து என்றும், முப்பது பேரைக் கூப்பிட்டிருப்பதாகவும், எல்லோரும் மீனுக்கே தன் பெயரைக் கொடுத்த தங்கச்சியைப் பார்க்கத் துடிப்பதாகவும் சொன்னாள். மிளகாய்க்கு அக்கா மேல் கோபமும் வந்தது, சந்தோஷமும் வந்தது. போனை வைத்துவிட்டு, இத்தனை வருஷம் எங்கேடி போயிருந்த என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

கட்டுரை பத்திரிகைக்குப் போய்விட்டது. படம் மட்டும் பாக்கி. மீனின் வயிற்றுக்குள் குடல் எப்படிச் சுருண்டிருக்கிறது என்று கோட்டோவியம் வேண்டும் என்றார்கள். அதற்காக மிளகாய் அந்த ஜாடியிலிருந்து, மிச்சமிருந்த நான்கில் ஒன்றை எடுத்தாள். திறந்தாள், வரைந்தாள். வரைந்து முடித்த பிறகு, பழக்க தோஷம், குடலை வெளியே எடுத்துத் தட்டில் மிதக்கவிட்டுத் தூரிகையால் பிரித்து நூலை ஓடவிட்டாள்.

முப்பத்துநான்கு சென்டிமீட்டர்.

மறுபடி அளந்தாள். முப்பத்துநான்கு. ஜாடித் திரவம் குடலைக் கொஞ்சம் சுருக்கும்தான், ஆனால் ஐம்பத்துநான்கை முப்பத்துநான்காக்காது. இரண்டாவது மீனைத் திறந்தாள், முப்பத்தைந்து. மூன்றாவது, முப்பத்துமூன்றரை. ஒன்றரை மடங்கு. நாம் சந்தையில் வாங்குகிற, நாய் பூனைக்கும் தெரிந்த, சாதாரண இரண்டாம் இனம். அகலம்? சினை நிறைந்த வயிறு அகலமாகத்தானே இருக்கும்.

நான்காவது மீனைத் தொடாமல் மூடிவைத்தாள். மெழுகுப் பலகையை எடுத்துவந்து லென்சை வைத்துப் பார்த்தாள். அந்தப் பன்னிரண்டு குடலிலும் உள்மடிப்புகள் இருந்த இடம் தெரியாமல் மழுங்கியிருந்தன. சவ்வு வெங்காயத் தோலாக மெலிந்திருந்தது. ஊசி குத்திய துளை வட்டமாக இல்லை, கீறலாகக் கிழிந்திருந்தது.

அப்போதுதான் அந்தச் சாயங்காலம் அவளுக்குத் திரும்பி வந்தது. அன்று தட்டில் தண்ணீர் ஊற்றவே இல்லை. தூரிகையையும் எடுக்கவில்லை. ஒரு முனையை ஊசியால் குத்திவிட்டு மறுமுனையை இடுக்கியால் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மற்றும், மற்றும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே, இதற்கு மேல் வராது என்கிற இடம்வரை இழுத்திருக்கிறாள். பன்னிரண்டையும் ஒரே வெறியில் இழுத்ததால் பன்னிரண்டும் ஒரே கணக்காக வந்திருக்கிறது. எந்தக் கடலிலும் அந்த மீன் நீந்தவில்லை. அது அவளுடைய கோபத்தில் மட்டும் இருந்த மீன்.

தன் மேல் அவளுக்கு வந்த ஆத்திரம் அதுவரை யார் மேலும் வந்ததில்லை. கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தன்னைத்தானே கேட்கக் கூசும்படி திட்டினாள். பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள் கை தவறியிருக்கிறது. அந்த ஒரு நாளைத்தான் உலகம் பார்க்கப்போகிறது.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று நினைக்காமல் இல்லை. நினைத்தாள், இரண்டு நாள் முழுக்க நினைத்தாள். யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? மூன்று மீனைக் குப்பையில் போட்டுவிட்டால் கதை முடிந்தது. அந்த மனிதர் அவளுடைய இரண்டாயிரத்து நூற்று நாற்பது மீனை விழுங்கி ஏப்பம் விட்டார்; அவள் ஒரு பொய் மீனை வைத்துக்கொண்டால் என்ன குறைந்துபோகும்? ஆனால் கடைசியில் அவளால் முடியவில்லை. நியாயம் தர்மம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த ஐம்பத்துநான்கு அவள் கையெழுத்தில் இருந்தது. இனி எவனாவது ஒரு கானாங்கெளுத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, இவள் அளந்தபடி வரவில்லையே என்று தலையைச் சொறிவான்; அந்த மடையனுக்கு யார் பதில் சொல்வது?

வெள்ளிக்கிழமை காலை மெழுகுப் பலகை, லென்ஸ், மூன்று மீனின் அளவுத் தாள், நான்காவது மீன் கிடந்த ஜாடி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனாள். மூன்று அளவையும் பார்த்துவிட்டு அவர் அசரவில்லை. கானாங்கெளுத்தி கலந்து நீந்தும், இந்த மூன்றும் இரண்டாம் இனத்தைச் சேர்ந்தவையாக இருக்கும், ஒதுக்கிவிடு என்றார். அந்தப் பதிலை அவளே இரண்டு நாளாகத் தனக்குச் சொல்லிப் பார்த்திருந்தாள்.

"அந்தப் பன்னெண்டையும் நான் இழுத்து அளந்துட்டேன் சார்."

அவர் சிரித்தார். "நீயா? உன் கை இழுக்காதும்மா. எனக்குத் தெரியாதா?"

"அன்னிக்கு இழுத்துச்சு. கோவத்துல இருந்தேன்."

"கோவமா, யார் மேல?"

"உங்க மேலதான் சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "என் மேலயா? எதுக்கு?"

நடிக்கவில்லை அந்த மனிதர். உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். அவள் மனசு பற்றி எரிந்த இரண்டு மாதமும், தினம் காலையில் வணக்கம் சொல்லிவிட்டு அவள் மேசையைக் கடந்து போயிருக்கிறார். ஒரு புகை வாசனைகூட அவருக்கு எட்டவில்லை. ஏமாற்றுகிறவனோடு சண்டை போடலாம். தான் எடுத்துக்கொண்டதே தெரியாமல் எடுத்துக்கொண்டவனோடு எங்கே போய் முட்டிக்கொள்வது? மிளகாய் சொன்னாள், நன்றிப் பக்கத்தில் ஆரம்பித்து, கேக் துண்டு உட்பட, ஒன்று விடாமல். குரல் உயரவில்லை.

"ஊழியர்களுக்கு நன்றின்னு போட்டிருந்தேனே" என்றார் அவர். பிறகு கொஞ்சம் யோசித்து, "அதான் இப்ப மீனுக்கே உன் பேரை வெக்கிறேனே, அப்புறம் என்னம்மா?"

"இல்லாத மீனுக்கு வெக்கிறீங்க சார். இருக்கிற ரெண்டாயிரத்துல ஒண்ணுக்குக்கூட வெக்கல."

லென்சை அவர் பக்கம் தள்ளினாள். அவர் கிழிந்த ஊசித் துளைகளைப் பார்த்தார். மழுங்கிய மடிப்புகளைப் பார்த்தார். பிறகு நான்காவது மீனைத் தானே ஜாடியிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்துத் திறக்கச் சொன்னார். முக்கால் மணி நேரம் பக்கத்திலேயே நின்றார். முப்பத்துநான்கு வந்தது. அந்த மனிதருக்கு ஆயிரம் குறை இருக்கலாம், ஆனால் கண்ணால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல அவருக்கு வராது. கட்டுரையைத் திரும்ப வாங்கிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்காவுக்கு அன்றே போன் செய்தாள். மீன் இல்லை, நான் அளந்தது தப்பு என்றாள். அக்கா, முப்பது பேர் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று கேட்டுவிட்டு, உனக்கு எதற்குடி இந்த அவசரமான வாய், விருந்து முடிந்த பிறகு சொல்லக்கூடாதா என்று கத்தினாள். மிளகாய் பதிலுக்குக் கத்தவில்லை. அதுவும் சரிதான் என்று ஒரு கணம் தோன்றியதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கட்டுரையின் சுருக்கம் படத்துக்குக் காத்திராமல் அதற்குள் பத்திரிகையில் முன்னறிவிப்பாக வெளியாகிவிட்டதால், வெறுமனே திரும்ப வாங்க முடியாது, காரணம் சொல்லி அறிவிப்புப் போடவேண்டும் என்றார்கள் பத்திரிகைக்காரர்கள். அடுத்த வாரம் இயக்குநர் தட்டச்சு செய்த தாளோடு அவள் மேசைக்கே வந்தார். நான்கு வரி. புதிய கானாங்கெளுத்தி இனம் குறித்த கட்டுரை அளவைப் பிழை காரணமாகத் திரும்பப் பெறப்படுகிறது. அதன் கீழே, இப்பிழை நேர்ந்தது ஆய்வக உதவியாளர் இன்னாரால் என்று அவள் பெயர். தலைப்பெழுத்து, தகப்பன் பெயர், எதுவும் விடவில்லை. ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை.

கீழே கையெழுத்துப் போடு, அளந்தவர் ஒப்புக்கொண்டால்தான் ஏற்றுக்கொள்வார்களாம் என்றார்.

மிளகாய் இரண்டு தரம் படித்தாள். அந்த அறையில் இருந்த எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். இரண்டாயிரத்து நூற்று நாற்பது தடவை சரியாக அளந்தபோது ஊழியர். ஒரு தடவை தப்பாக அளந்ததும் அவளுக்குத் தலைப்பெழுத்து முளைத்துவிட்டது. இதைக் கேட்டு நமக்கே கொதிக்கிறது, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? ஆனால் அவள் தாளை அவரிடமே நீட்டினாள்.

"போடறேன் சார். தப்பு என்னுது. இதுக்கு முன்னால ஒரு வரி சேர்த்துடுங்க. உங்க புத்தகத்துல இருக்கிற மீனையெல்லாம் அளந்ததும் இதே ஆளுதான்னு."

அது இந்த அறிவிப்புக்குச் சம்பந்தமில்லாதது என்றார். அப்படியானால் என் கையெழுத்தும் சம்பந்தமில்லாதது என்றாள். கையெழுத்து இல்லாமல் போனால் பிழை கட்டுரை எழுதியவர் தலையில்தான் விழும், அது அவருக்கும் தெரியும். குரலைத் தாழ்த்திக்கொண்டு, அப்படி எழுதினால் புத்தகத்தையே சந்தேகப்படுவார்கள் என்றார்.

"படட்டுமே சார். ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது ஜாடியும் கீழ இருக்கு. எவன் வேணா வரட்டும், ஒவ்வொண்ணா எடுத்து அளக்கட்டும். நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

இயக்குநர் தாளை அவள் மேசையில் வைத்தார். பேனாவைத் திறந்தார். வரிகளுக்கு நடுவில், நெருக்கி, தன் கையாலேயே எழுதினார்: இந்நிறுவனத்தின் கானாங்கெளுத்தி நூலில் இடம்பெற்ற 2,140 மீன்களையும் அளந்தவர்களுள் இவரும் ஒருவர்.

மிளகாய் குனிந்து படித்தாள்.

"வேற யாரு சார்?"

அவர் அவளைப் பார்த்தார். அறையைப் பார்த்தார். தரை துடைப்பவர் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொல்வதற்கு ஒரு பெயரும் இல்லை. அவர் மெதுவாக அந்தக் கடைசி வார்த்தைகளை அடித்துவிட்டு, அளந்தவர் இவர் ஒருவரே என்று எழுதினார்.

வேறு தாளில் சுத்தமாகத் தட்டச்சு செய்து கொண்டுவரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அடித்தது தெரிகிற மாதிரியே போகட்டும் என்று சொல்லிவிட்டு அவள் கையெழுத்துப் போட்டாள்.